மூன்று பேரல் வேண்டாம், ஒன்றில் தொடங்குங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இந்த வசந்தத்தில் வேட்டைத் தேர்வு எழுதி யாக்ட்ஷைன் (ஜெர்மன் வேட்டை உரிமம்) வாங்கிவிட்டேன். சுவாபிய ஆல்ப் மலையில் நண்பர் ஒருவரின் வேட்டை எல்லையில் ரே மான் (ஐரோப்பியச் சிறு மான்) சுட அனுமதி கிடைத்திருக்கிறது. குளிர்காலத்தில் காட்டுப்பன்றி விரட்டு வேட்டைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்றாவது ஒருநாள் டிரோலில் செம்மான் வேட்டைக்குப் போகும் ஆசையும் உண்டு. பேரல் (குண்டு வெளியேறும் குழல்) மாற்றிக்கொள்ளும் ரைஃபிளாக வாங்கி, .223, .308, .300 வின்செஸ்டர் மேக்னம் என்று மூன்று பேரலோடு வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும் என்கிறார் நண்பர். மொத்தம் 6,000 யூரோ வரை செலவழிக்க முடியும், ஸ்கோப் உட்பட. எந்தக் கம்பெனி நல்லது? ஒரே ஸ்கோப்பை மூன்று பேரலுக்கும் மாற்றி மாற்றிப் போடலாமா? என் உயரம் 165 செ.மீ. வீட்டில் ஆறு வயது மகள் இருக்கிறாள், அதனால் பாதுகாப்பு பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேரல் மாற்றும் ரைஃபிள் வாங்கும் உங்கள் எண்ணம் சரி. மூன்று கேலிபரை (தோட்டா அளவை) ஒரே நாளில் வாங்கும் எண்ணம் சரியில்லை. பட்டறையில் இந்த வகைத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டுவதே என் அன்றாட வேலை. மூன்று நான்கு பேரலோடு வருகிறவர்கள் பலரிடமும், ஒன்று மட்டும் வாய் வரை தேய்ந்திருக்கும். மற்றவை கடையில் பூசிய எண்ணெயோடு அப்படியே பளபளக்கும். அந்தப் பணத்தைத் தோட்டாவிலும் சுடுதளத்திலும் போட்டிருந்தால் அவர்கள் இன்னும் நல்ல வேட்டைக்காரர்களாகியிருப்பார்கள்.

துப்பாக்கியைப் பார்க்கும் முன்பு உங்கள் வேட்டையைப் பார்ப்போம். ஜெர்மன் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதில் பாதி முடிவை உங்களுக்காக எடுத்துவிடுகிறது. ரே மானுக்கு, 100 மீட்டர் தூரத்தில் குண்டில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். காட்டுப்பன்றி, செம்மான் முதலான மற்றக் குளம்பு விலங்குகளுக்கு இரண்டு நிபந்தனைகள்: குண்டின் விட்டம் 6.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 100 மீட்டரில் 2,000 ஜூல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். .243 வின்செஸ்டரைப் பாருங்கள். அருமையான தோட்டா, உதை குறைவு, ஆற்றலும் நல்ல தோட்டாவில் 2,000 ஜூலை எட்டும். ஆனால் குண்டின் விட்டம் சுமார் 6.2 மி.மீ.தான். ரே மானுக்குச் செல்லும், பன்றிக்குச் செல்லாது. ரே மானுக்காக உட்கார்ந்திருக்கும் மாலையில் முன்னால் பன்றிக் கூட்டம் வந்து நின்றால், கையில் .243 வைத்திருப்பவர் விரலை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கில் உங்கள் பட்டியலை வைத்துப் பாருங்கள். .308-ல் 100 மீட்டரில் 2,500 ஜூலுக்கு மேல் நிற்கும். ரே மான், பன்றி, செம்மான் மூன்றுக்கும் அது போதும், டிரோலில் 200 மீட்டர் வரை நிதானமாகச் சுடவும் போதும். .300 வின்செஸ்டர் மேக்னமும் அதே விட்டக் குண்டைத்தான் வீசுகிறது, இன்னும் வேகமாக. பேரலின் வாயில் 4,500 ஜூலைத் தாண்டும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது எந்த வேட்டையின் கதவைப் புதிதாகத் திறக்கிறது? .308-ஆல் சுட முடியாத எந்த விலங்கு உங்கள் கடிதத்தில் இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. பதிலுக்கு நீளமான பேரல், வேறு போல்ட் தலை (தோட்டாவின் அடியைப் பிடித்துப் பூட்டும் பகுதி), வேறு மேகசின் செருகு (தோட்டா அடுக்கும் பெட்டியின் உள்பகுதி), விலை கூடிய தோட்டா, தோளில் கடுமையான உதை என்று எல்லாம் கூட வரும். புதிதாகச் சுடப் பழகுகிறவருக்கு உதைதான் பெரிய எதிரி. பத்துத் தோட்டா சுட்டதுமே உடம்பு அடுத்த உதையை எதிர்பார்த்துக் கண்ணை மூடும், விசையை இழுக்கும்போது தோள் முன்னால் தள்ளும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் .300-ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

.223-ஐ அடிக்கச் சொல்லமாட்டேன், ஆனால் அதன் வேலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் துப்பாக்கிகள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். பழைய வகை போல்ட் ரைஃபிளில் போல்ட்டின் பற்கள் உடற்பகுதிக்குள் பூட்டிக்கொள்ளும். பேரலை அதில் முறுக்கி இறக்கி, தோட்டா உட்காரும் இடைவெளியைப் பட்டறையில் அளந்துதான் சரிசெய்ய வேண்டும். அதனால் வீட்டில் பேரல் மாற்ற வழியில்லை. பேரல் மாற்றும் வகையில் போல்ட் தலை நேராகப் பேரலுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. சுடும்போது எழும் அழுத்தம் முழுவதையும் பேரலும் போல்ட் தலையும் தங்களுக்குள்ளேயே தாங்கிக்கொள்கின்றன. கட்டையும் (தோளில் வைக்கும் பகுதி) உடற்பகுதியும் வெறும் தாங்கிதான். அந்த முக்கிய இடைவெளியைத் தொழிற்சாலையிலேயே பேரலில் வெட்டிவிடுவதால், எந்தப் பேரலைப் போட்டாலும் அளவு மாறுவதில்லை. நம் வீட்டு மிக்ஸி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மோட்டார் ஒன்று, சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார். ஆனால் ஒவ்வொரு ஜாரும் மோட்டார் மேல் சரியாக உட்கார்ந்தால்தான் ஓடும்.

அடுத்து, தோட்டாவின் அடிப்பகுதி விட்டம். .223-க்கு அது சுமார் 9.6 மி.மீ. .308, .30-06, 8x57, 9.3x62, 6.5 கிரீட்மோர் எல்லாம் ஏறத்தாழ 12 மி.மீ. குடும்பம். .300 வின்செஸ்டர் மேக்னம் 13.5 மி.மீ. ஒரே குடும்பத்துக்குள் மாறும்போது பேரலை மாற்றினால் பெரும்பாலும் போதும், தோட்டாவின் நீளத்தைப் பொறுத்துச் சில சமயம் மேகசின் செருகையும் மாற்ற வேண்டும். குடும்பம் தாண்டும்போது போல்ட் தலையையும் மாற்ற வேண்டும். உங்கள் நண்பர் சொன்ன மூன்றும் மூன்று குடும்பம்! மூன்று பேரல், மூன்று போல்ட் தலை, மேகசின் செருகுகள் வேறு. கடைக்காரருக்கு இதைவிட இனிப்பான பட்டியல் கிடையாது.

இனி கம்பெனி. அல்கோய் பகுதியில் ஈஸ்னி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் இருக்கலாம். பிளேசர், மவுசர், சாவர் மூன்று பெயர்களும் இன்று அங்கேதான் குடியிருக்கின்றன. உங்களுக்கு நான் சொல்வது பிளேசர் ஆர் 8. 2008-இல் வந்தது, நேராகப் பின்னிழுக்கும் போல்ட் கொண்டது. இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் சந்தை. இத்தனை வருடமாக ஒரே அடிப்படையில் ஓடுவதால், பழைய பேரல், பழைய கட்டை, பழைய மவுண்ட் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து இரண்டாவது பேரல் வேண்டும் என்றால் கிடைக்கும், வேண்டாம் என்றால் விற்றுவிடலாம். பேரல் மாற்றும் துப்பாக்கியில் இதுதான் உயிர்நாடி. கிடைக்காத பேரலை எப்படி மாற்றுவது?

சாவர் 404 நல்ல துப்பாக்கி. 2015-இல் வந்தது. போல்ட்டைத் தூக்கித் திருப்பி இழுக்கும் பழைய முறை பிடித்தவர்களுக்கு அது கையில் இனிமையாக நிற்கும். கழற்றும் சாவியையே வார்ப் பட்டை மாட்டும் முன் வளையத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தூரிங்கியாவின் சூல் நகரத்து மெர்க்கல் ஹீலிக்ஸில் சாவியே வேண்டாம், கையாலேயே பேரலைக் கழற்றலாம். போல்ட் இழுப்பும் மிகக் குறுகியது. ஆஸ்திரியாவின் குஃப்ஸ்டைன் ஊரில் செய்யும் ரோஸ்லர் டைட்டன் 6 விலை குறைவு, சிக்கனமாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. மவுசர் எம் 03-ஐப் பழைய விலையில் யாராவது காட்டினால் ஆசை வரும். கட்டுமானம் உறுதிதான், ஆனால் இனி பேரல் தேடி அலைய வேண்டியிருக்கும். பிளேசர் ஆர் 93-ம் அப்படியே. அதன் பேரல் ஆர் 8-இல் பொருந்தாது, ‘எல்லாம் பிளேசர்தானே’ என்று யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

ஆர் 8-இல் எனக்கு மிகவும் பிடித்தது அதைக் காக் செய்யும், அதாவது சுடத் தயாராக வில்லை இறுக்கும் முறை. வழக்கமான சேஃப்டி விசை இதில் கிடையாது. கட்டையின் கழுத்தில் பெருவிரல் படும் இடத்தில் ஒரு தள்ளு இருக்கிறது. சுடுவதற்குச் சற்று முன்பு அதை அழுத்தி முன்னே தள்ளினால்தான் சுருள்வில் இறுகும். சுடவில்லை என்றால் தள்ளைப் பின்னே விட்டதும் வில் தளர்ந்துவிடும். பரண் ஏணியில் இருட்டில் ஏறும்போது அறைக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இருந்தாலும் உள்ளே வில் தளர்ந்தே இருக்கும். (ஏறும்போது அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது என்பது தேர்விலேயே படித்திருப்பீர்கள். மனிதர்கள் மறப்பார்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.) இன்னொன்று, மேகசினும் விசையும் ஒரே பெட்டியாகக் கீழே கழன்று வரும். கழற்றியதும் துப்பாக்கி தானாகவே காக் இறங்கிவிடும். அந்தப் பெட்டி இல்லாமல் சுட முடியாது. இதில் ஒரு பலவீனமும் உண்டு: அதைக் காட்டில் தொலைத்தால் உங்கள் வேட்டை அன்றோடு முடிந்தது. காரில் கழற்றி வைக்கும்போது எப்போதும் ஒரே பையில் வையுங்கள்.

பேரல் மாற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எதில் கவனம் வேண்டும் என்று புரியும். தோட்டாவை எடுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேகசின் பெட்டியைக் கழற்றி, போல்ட்டை எடுத்துவிட வேண்டும். முன்கட்டையின் அடியில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. கூடவே தரும் சாவியால் தளர்த்தினால் அவை கட்டையிலேயே நிற்கும், புல்லில் விழாது. பேரல் அப்படியே மேலே தூக்கிக்கொண்டு வரும். இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். பேரல் உட்காரும் எஃகுப் பள்ளத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். பேரலின் அடிப்பகுதியையும் துடையுங்கள். ‘துப்பாக்கி திடீரென்று எங்கெங்கோ சுடுகிறது’ என்று பட்டறைக்கு வருகிறவற்றைப் பிரித்தால், அந்தப் பள்ளத்தில் கெட்டியான எண்ணெய்ப் படலமோ ஸ்புரூஸ் மரப் பிசினோ ஒட்டியிருப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். தலைமுடி அளவு படலம் பேரலைத் தூக்கி நிறுத்தினாலே 100 மீட்டரில் குண்டு போகும் இடம் மாறிவிடும். துடைத்து உட்கார வைத்தபின் இரண்டு திருகுகளையும் மாறி மாறி, எப்போதும் ஒரே அளவு இறுக்கத்துக்கு முடுக்குங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், பேரல் மாற்றிய பிறகு முதல் வேட்டைக்கு முன்பு சுடுதளத்தில் ஓரிரு தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும். இதில் மட்டும் தயவு பார்க்காதீர்கள். குறி தப்பி அடிவயிற்றில் பட்ட மான் இரவெல்லாம் புதருக்குள் கிடந்து சாகும். பின்தொடர்ந்து தேட நாய் கூட்டிவருகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அப்படிப்பட்ட தேடல்களில் எத்தனை, சரிபார்க்காத ஸ்கோப்பிலிருந்து தொடங்கியவை என்று சொல்வார்கள். எண்ணெய் பூசிய பேரலின் முதல் குண்டும் வேறு இடத்துக்குத்தான் போகும். வேட்டைக்குக் கிளம்பும் முன்பு பேரலுக்குள் உலர்ந்த துணி விட்டு இழுங்கள்.

இதிலிருந்து உங்கள் ஸ்கோப் கேள்விக்கு வருகிறேன். ஆர் 8-இல் ஸ்கோப் மவுண்ட் நேராகப் பேரல் மேலேயே உட்காரும். இதுதான் இந்த முறையின் பெரிய பலம். பேரலும் ஸ்கோப்பும் ஒரே துண்டாகக் கழன்று, ஒரே துண்டாகத் திரும்ப ஏறும். இரண்டுக்கும் நடுவே எதுவும் அசைவதில்லை. ஒரே ஸ்கோப்பை மூன்று பேரலுக்கும் மாற்றினால் இந்தப் பலத்தைக் கையாலேயே தூக்கி எறிகிறீர்கள். ஒவ்வொரு பேரலும் ஒவ்வொரு இடத்தில் சுடும், 100 மீட்டரில் பத்துப் பதினைந்து செ.மீ. வித்தியாசம் சாதாரணம். 0.1 மில் படிகள் உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஒரு செ.மீ. நகர்த்தும். .308-லிருந்து .223-க்கு வந்தால் மேலே எட்டு, வலதே ஐந்து என்று போனில் குறித்து வைத்துக்கொண்டு சுழற்றலாம் என்று கணக்கு சொல்வார்கள். கணக்கு சரிதான். அதிகாலை நாலரை மணிக்கு, குளிரில், தூக்கக் கலக்கத்தில் அந்த எட்டையும் ஐந்தையும் எந்தப் பக்கம் சுழற்றினோம் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு பேரலுக்கு ஒரு ஸ்கோப். இதை மாற்றாதீர்கள்.

அதுமட்டுமில்லை, உங்கள் இரண்டு வேட்டைக்கும் ஒரே ஸ்கோப் பொருந்தவும் செய்யாது. பரணில் உட்கார்ந்து அந்தி மயங்கும் நேரத்தில் மானைப் பார்க்க 56 மி.மீ. முன்கண்ணாடி வேண்டும். எட்டு மடங்கு பெருக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு 7 மி.மீ. அகல ஒளிக்கற்றை வரும். இருட்டில் விரியும் கண்பாவையின் அகலம் கிட்டத்தட்ட அதுவே. விரட்டு வேட்டையில் பன்றி ஐம்பது மீட்டருக்குள் குறுக்கே ஓடும். அங்கே ஒரு மடங்கிலிருந்து தொடங்கும், சிவப்புப் புள்ளி ஒளிரும், அகலப் பார்வை உள்ள குட்டி ஸ்கோப்தான் கை கொடுக்கும். முதல் வருடம் இரண்டையும் வாங்க முடியாது என்றால், ரே மான்தான் உங்கள் பிரதான வேட்டை என்பதால் 56-ஐ வாங்குங்கள். விரட்டு வேட்டைக்கு அதன் மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்து, நின்றுகொண்டிருக்கும் அல்லது மெதுவாக நடக்கும் பன்றியை மட்டும் சுடுவேன் என்று உங்களுக்கே வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் அது நல்ல வரம்பும்கூட.

கட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, உயரத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எழுதியது நல்லதாயிற்று. பேரலும் ஸ்கோப்பும் மாறினாலும் கட்டை மாறாது. உங்கள் கன்னமும் தோளும் படும் இடம் அது ஒன்றுதான். ஐரோப்பியக் கட்டைகள் உங்களைவிட உயரமானவர்களை மனதில் வைத்துச் செய்தவை. 165 செ.மீ. உயரத்துக்குப் பின்கட்டை நீளமாகத் தெரியும், குளிர்காலத் தடித்த ஜாக்கெட் போட்டால் இன்னும் நீளும். நீளமான கட்டையை எடுத்தால் தலையை முன்னே இழுத்து நீட்டுவீர்கள், ஸ்கோப்பின் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும், துப்பாக்கி தோளில் சரியாக உட்காராமல் உதை இரட்டிப்பாகத் தெரியும். கட்டையைக் குறைத்து ரப்பர் திண்டைத் திரும்பப் பொருத்துவது எந்தப் பட்டறையிலும் செய்யும் சின்ன வேலை. மூன்றாவது பேரலுக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனால் உங்கள் குறியை அதைவிடப் பல மடங்கு சீராக்கும்.

பேரல் மாற்றும் துப்பாக்கியின் அருமை பல கேலிபரில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதன் அருமை வேறு இடத்தில் தெரிகிறது: எந்தப் பேரல் போட்டாலும் அதே கட்டை, அதே விசை, அதே காக் தள்ளு. கை ஒரே பழக்கத்தில் ஊறும். .223 பேரலை நான் ஒதுக்காததற்கு இதுதான் காரணம். உதையே இல்லாத, விலை மலிந்த .223-இல் சுடுதளத்தில் நூற்றுக்கணக்கில் சுடலாம். ஒரு நல்ல .308 வேட்டைத் தோட்டாவின் விலையில் பயிற்சிக்கான .223 இரண்டு மூன்று வரும். அங்கே பழகும் விரல் அப்படியே .308-க்கும் வரும். நரிக்கும் ஆகும். ரே மானுக்கும் சட்டப்படி செல்லும், 100 மீட்டரில் 1,200 ஜூலை ஒட்டி நிற்கும். ஆனால் தோட்டாப் பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், 1,000-ஐ ஒட்டித் தள்ளாடும் தோட்டாக்களும் உண்டு.

உங்கள் மாநிலத்தில் இன்னொன்று உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் குளம்பு விலங்குகளுக்கு ஈயத் தோட்டா கூடாது. அதனால் செம்புக் குண்டுதான். செம்பு ஈயத்தைவிட இலேசான உலோகம், அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டு நேராகப் பறக்கப் பேரலின் உள்முறுக்கு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விரிந்து வேலை செய்ய வேகமும் வேண்டும். பழைய பேரல் வாங்குவதாக இருந்தால், நீங்கள் சுடப்போகும் செம்புத் தோட்டாவையே கொண்டுபோய் மூன்று தோட்டா ஒரு குழுவாகச் சுட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். ஈயத்தில் அழகாகக் குவித்த பேரல் செம்பில் சிதறடிப்பதை நிறையவே பார்க்கிறோம். ஒரே பெட்டியில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வகைத் தோட்டா சுட்டுப் பாருங்கள்.

இப்போது ஆபத்தான பகுதி. பல பேரல் வைத்திருப்பவரின் வீட்டில் பல வகைத் தோட்டா இருக்கும், பேரலுக்கு ஒவ்வாத தோட்டா உள்ளே போகும் வாய்ப்பும் இருக்கும். உலகத்தில் இந்த வகை விபத்துக்குப் பெயர்போனது .300 பிளாக்அவுட். அது .223-இன் அடிப்பகுதியிலிருந்தே உருவானது. அதே போல்ட் தலை, அதே மேகசினில் போகும், .223 பேரலின் அறைக்குள்ளும் போய் உட்காரும். சுட்டால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. துளைக்குள் நுழைய முடியாமல் துப்பாக்கி வெடித்துச் சிதறும். கையும் கண்ணும் போன கதைகள் உண்டு. அதனால் கேலிபர் தேர்ந்தெடுக்கும்போதே ஒன்றோடொன்று குழம்ப முடியாதவையாகப் பாருங்கள். .308-உம் .223-உம் கையுறை போட்ட கையால் தொட்டாலே தெரியும். .308-ஐயும் 6.5 கிரீட்மோரையும் ஜோடியாக வைக்காதீர்கள்: தலை ஒரே அளவு, நீளமும் ஏறத்தாழ ஒன்று, அரையிருட்டில் விரல் பிரித்தறியாது. எதை வைத்திருந்தாலும், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரே கேலிபர் தோட்டா மட்டும் உங்கள் உடம்பிலும் காரிலும் இருக்கட்டும். பழைய ஜாக்கெட் பையில் போன வாரத்துத் தோட்டா கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சைலன்சர் கட்டாயம் வாங்குவீர்கள், வாங்கத்தான் வேண்டும், உங்கள் காதும் நாயின் காதும் பிழைக்கும். 2020-இலிருந்து வேட்டைக்காரர்கள் யாக்ட்ஷைனைக் காட்டியே வாங்கலாம். ஒன்றை இரண்டு பேரலுக்கும் போட வேண்டுமென்றால் பேரல் வாயின் மரை அளவு ஒன்றாக இருக்கும்படி இப்போதே கேட்டு வாங்குங்கள். பெரிய துளைச் சைலன்சரைச் சின்னக் கேலிபரில் போடலாம். சின்னத் துளையைப் பெரிய கேலிபரில் ஒருபோதும் போடக் கூடாது. சைலன்சர் போட்டால் குண்டு படும் இடம் மாறும், ஆக அதோடே குறி வையுங்கள். துப்பாக்கி நீளும் என்பதால் .308 பேரலை 52 செ.மீ.யிலேயே எடுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மன் சட்டத்தில் பேரலும் ஒரு துப்பாக்கிக்குச் சமம். 2020 செப்டம்பரிலிருந்து போல்ட் தலையும் அப்படியே. யாக்ட்ஷைனைக் காட்டி வாங்கலாம், இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்தில் சொல்லி ஆயுத அட்டையில் (உங்கள் துப்பாக்கிகளைப் பதியும் அட்டை) ஏற்றிவிட வேண்டும். பழைய பேரல் வாங்கினால் அதிலுள்ள எண்ணும் விற்பவரின் அட்டையிலுள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா, சோதனை நிலைய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஈஸ்னித் துப்பாக்கிகளில் பெரும்பாலும் உல்ம் நிலையத்தின் மான்கொம்பு இருக்கும். நீளத் துப்பாக்கி எண்ணிக்கைக்கு உங்களுக்கு உச்சவரம்பு இல்லை. அதனால் ‘இன்னொரு துப்பாக்கிக்குப் பதில் பேரல் வாங்கினால் அனுமதி மிச்சம்’ என்று யாராவது சொன்னால் அது வேறு நாட்டுக் கதை. இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதால் அங்கே அந்தக் கவலைக்குப் பொருள் உண்டு. இங்கே ஒரு ஆர் 8 பேரலின் விலையிலேயே நல்ல டிக்கா ரைஃபிள் ஒன்று முழுசாக வாங்கிவிடலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரே கட்டையில் பழகும் நன்மை உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்றால் அதுவும் நேர்மையான வழிதான்.

மகள் இருக்கும் வீடு என்பதால் இதில் சமரசமே வேண்டாம். பெட்டகம் இ.என். 1143-1 என்ற ஐரோப்பியத் தரத்தில் 0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். துப்பாக்கி, கூடுதல் பேரல், போல்ட் தலை, தோட்டா எல்லாம் அதற்குள். மேகசின் பெட்டியைக் கழற்றி வைத்தால் சுட முடியாது என்று நான் மேலே சொன்னதைப் பெட்டகத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவிப் பூட்டு வாங்காதீர்கள். சாவியையும் துப்பாக்கிக்குச் சமமான பெட்டகத்திலேயே வைக்க வேண்டும் என்று 2023-இல் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சாவியோடு அல்லாடுவது வீண். எண் பூட்டு வாங்குங்கள். அந்த எண் மகளின் பிறந்தநாளாகவோ உங்கள் கல்யாண நாளாகவோ இருக்கக் கூடாது. யாக்ட்ஷைன் இல்லாத மனைவிக்கும் அது தெரியக் கூடாது. சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

பணக் கணக்கு இப்படி: புதிய ஆர் 8 அடிப்படை மாடல் ஒரு பேரலோடு நாலாயிரம் யூரோவை ஒட்டியோ தாண்டியோ வரும். 56 ஸ்கோப்புக்கு 2,000 பக்கம், மவுண்டுக்குச் சில நூறு. பெட்டகமும் சைலன்சரும் இதில் சேரவில்லை, அதற்குள்ளேயே உங்கள் 6,000 தாண்டிவிட்டது. அதனால் நல்ல நிலையிலுள்ள பழைய ஆர் 8 தேடுங்கள், .308 பேரலோடு. கட்டை கீறியிருந்தால் கவலை வேண்டாம், குறைத்து வெட்டும்போது பட்டறையில் சரிசெய்துகொள்ளலாம். போல்ட் தலை பூட்டும் பேரல் பள்ளத்தையும் பேரலின் வாயையும் விளக்கடித்துப் பாருங்கள், அங்கே கீறலோ குழியோ இருந்தால் விட்டுவிடுங்கள். மிச்சப் பணத்தில் கட்டையைச் சரிசெய்து, சுடுதளத்திலும் ஓடும் இலக்கு அரங்கிலும் செலவழியுங்கள். விரட்டு வேட்டைக்கு அழைக்கும் பலர் அந்தப் பயிற்சிச் சான்றைக் கேட்பார்கள்.

அடுத்த வருட ரே மான் பருவம் முடிந்ததும் உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். சுடுதளத்துக்கு அடிக்கடி போய், .308 தோட்டாச் செலவு கடித்தால் .223 பேரல் வாங்குங்கள், அதற்குரிய போல்ட் தலை, மேகசின் செருகோடு. பன்றி வேட்டைக்கே அதிகம் அழைப்பு வந்தால் 9.3x62 பாருங்கள். 1905-இல் பெர்லின் துப்பாக்கி வினைஞர் ஓட்டோ பொக் உருவாக்கிய தோட்டா, அதே 12 மி.மீ. குடும்பம், போல்ட் தலை மாற்ற வேண்டாம், மேகசின் செருகை மட்டும் நீளத்துக்காகக் கேட்டுப் பாருங்கள். சைலன்சரை மட்டும் அதற்கேற்ற துளையில் இப்போதே எடுத்துவைத்தால் பின்னால் இரண்டு வாங்க வேண்டியிருக்காது. கடைக்குப் போகும்போது குளிர்கால வேட்டை ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துப்போய், அதைப் போட்டுக்கொண்டே துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடி எடுத்து, திறக்கும்போது ஸ்கோப்பில் முழு வட்டமும் நிழலில்லாமல் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அங்கேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.